எதிரி கேட்ட ஒரே கேள்வி

ஏறிக்கொள்ளுங்கள் தம்பி. கூலி எல்லாம் வேண்டாம். திருநெல்வேலிக்குத்தானே? நானும் அங்கேதான் போகிறேன். பருத்தி மூட்டைமேல் சாய்ந்து உட்காருங்கள், மெத்தை மாதிரி இருக்கும். பையை மட்டும் இந்தப் பக்கம் வையுங்கள். வலது சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் அந்தப் பக்கம் வைத்ததெல்லாம் ரோட்டில்தான் கிடக்கும்.

ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். வழியில் ஓரிடத்தில் இந்த மாடுகள் தாமாகவே நின்றுவிடும். பயப்படாதீர்கள். அடித்தாலும் நகராது. கொஞ்ச நேரம் நிற்கும், பிறகு போகும். ஏன் என்று கேட்கிறீர்களா? கேட்டால் சொல்கிறேன். கேட்காததைச் சொல்லக்கூடாது என்று கோர்ட்டுக் கச்சேரியில் எனக்கு நன்றாகக் கற்றுக்கொடுத்துவிட்டார்கள்.

ஜோடி பொருந்தவில்லையே என்று பார்க்கிறீர்கள். ஒன்று சாம்பல் நிற மயிலை, ஒன்று செந்நிறச் செவலை. உயரமும் ஒன்றல்ல. இவை என் மாடுகள் இல்லை. அதாவது, என் மாடுகள்தான். சர்க்காரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறது. ஆனாலும் என் மாடுகள் இல்லை. முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

என் பேர் நெல்லைநாயகம் பிள்ளை. ஊர் நத்தக்குளம். பருத்தியும் கம்பும் போடுகிற கரிசல் காடு. எங்கள் ஊருக்குக் காவல்காரன் பலவேசம். அவன் அப்பனும் எங்களுக்குக் காவல், பாட்டனும் எங்களுக்குக் காவல். அறுவடை முடிந்ததும் ஏருக்கு இவ்வளவு என்று அவனுக்குத் தானியம் அளந்துவிடுவோம். அதற்குப் பதிலாக ஊரில் ஓர் ஆட்டுக்குட்டி காணாமல் போனாலும் பொறுப்பு அவனுடையது.

எப்படிப் பொறுப்பு என்றால், அவன் தடம் பிடித்துப் போவான். தடம் அடுத்த ஊர் எல்லைக்குள் நுழைந்தால், அந்த ஊர்க் காவல்காரனைக் கூப்பிட்டுத் தடத்தைக் காட்டி ஒப்படைப்பான். அதோடு இவன் தலையிலிருந்து இறங்கியது, அந்தக் காவல்காரன் தலையில் ஏறியது. அவன் அதற்கடுத்த ஊர்க்காரனிடம் ஒப்படைப்பான். இப்படிக் கைமாறிக் கைமாறித் தடம் எங்கே போய் நிற்கிறதோ, அந்த ஊர்க் காவல்காரன் பொருளைக் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும். எட்டு நாளுக்குள் முடியாவிட்டால் ஈடாகத் தன்னுடைய பொருளைக் கொடுக்க வேண்டும். யார் எடுத்தார்கள் என்பது பேச்சே இல்லை. அவனைப் பார்த்து ‘நீ எடுத்தாயா’ என்று எங்கள் பக்கத்தில் எவனும் கேட்க மாட்டான். அது செருப்பால் அடிப்பது மாதிரி.

இது உங்களுக்குப் புரிகிறதல்லவா? இரண்டு பேச்சில் புரிந்துவிட்டது, பாருங்கள். கச்சேரியில் இதைச் சொல்ல எனக்கு இரண்டு பேச்சு கிடைக்கவில்லை.

போன வருஷம் பங்குனியில் என் தொழுவில் கட்டியிருந்த காங்கேயம் ஜோடி களவு போயிற்று. விடிந்து பார்த்தால் அறுத்த கயிறுதான் தொங்குகிறது. பலவேசத்துக்கு ஆள் அனுப்பினேன். வந்தான், குந்தி உட்கார்ந்தான், மண்ணைப் பார்த்தான்.

“வலப்பக்கத்து மாட்டுக்குப் பின்னங்கால் குளம்பு கொஞ்சம் சரிவு, பிள்ளைவாள். எங்க போனாலும் சொல்லிரும்” என்றான்.

கரிசல் மண் எதையும் மறைக்காது. அவன் முன்னே போனான், நான் பின்னே போனேன். எங்கள் காட்டைத் தாண்டி, ஓடையைத் தாண்டி, இதோ இந்த ரோடு வரைக்கும் தடம் நேராக வந்தது. அப்போதுதான் இதில் புதிதாகச் சல்லி போட்டு இறுக்கியிருந்தார்கள். தடம் ரோட்டில் ஏறியது. அவ்வளவுதான். கல்லில் என்ன தெரியும்? அந்தப் பக்கம் இறங்கிய அடையாளம் உண்டா என்று இரண்டு ஓரத்திலும் வெகுதூரம் போய்ப் பார்த்தான். இல்லை. நடு ரோட்டில் நின்றுகொண்டு என்னைக் கேட்டான்.

“பிள்ளைவாள், இந்த ரோடு யார் எல்லை?”

“சர்க்கார் எல்லை.”

“அப்ப சர்க்காருக்குக் காவல்காரன் யாரு? கூப்பிடுங்க. தடத்தை ஒப்படைக்கணும்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் சிரிக்கவில்லை. யாராவது வருவார்கள் என்று நினைத்தவன் போல அப்படியும் இப்படியும் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான்.

ஒப்படைக்க ஆளில்லாத தடம் அவன் தலையிலேயே நின்றுவிட்டது. எட்டு நாள் கெடு முடிந்த அன்று காலையில் இந்த இரண்டையும் ஓட்டிக்கொண்டு வந்தான். கொம்பு கழுவி, புதுக் கயிறு போட்டு. அவனிடம் இருந்தது இந்த ஒரு ஜோடிதான். இதை வைத்துத்தான் அவனுடைய துண்டு நிலத்தை உழுவான். என் காங்கேயத்துக்கு இது ஈடாகுமா? ஆகாது. ஆனால் இருப்பதைத்தானே கொடுக்க முடியும். வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாமே என்று நினைக்கிறீர்கள். சொல்லக்கூடாது தம்பி. சொன்னால் அவன் பாட்டன் பேருக்கு இழுக்கு. அதனால் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

போகும்போது ஒன்று சொன்னான். “மயிலை அந்நியக் கையில தண்ணி குடிக்க மாட்டான். நாக்கை மடிச்சு அண்ணத்துல தட்டி இப்படி ஒரு சத்தம் கொடுங்க, குடிப்பான்.” ட்ளக், ட்ளக் என்று செய்து காட்டினான். மயிலை காதைத் தூக்கியது. நானும் செய்து பார்த்தேன். எனக்குத்தான் முன்பல் இரண்டும் இல்லையே. வெறும் காற்றுதான் வந்தது.

“அது வாத்தைக் கூப்பிடுத சத்தம்லா, பிள்ளைவாள்” என்று சிரித்தான். அவன் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

அந்த வாரம் ஆலடிச் சந்தைக்குப் போனேன். நாலு பேர் மாடு போன விஷயத்தை விசாரித்தார்கள். நான் சொன்னேன்: “எங்க ஊருக் காவலைப் பாருங்கவே. கெடு முடிஞ்ச அன்னைக்கே தன் சொந்த மாட்டைக் கொண்டுவந்து கட்டிட்டான். உங்க ஊர்ல எவனாவது செய்வானா?” பெருமையாகத்தான் சொன்னேன். கொஞ்சம் உரக்கத்தான் சொன்னேன். நல்லதை உரக்கச் சொன்னால் என்ன? பக்கத்தில் போலீஸ் ஏட்டையா கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் சொல்லியிருப்பேன். மறைக்க வேண்டிய விஷயமா அது?

ஏட்டையா காயைக் கூடையிலே போட்டுவிட்டு வந்தார். “அண்ணாச்சிக்கு எந்த ஊரு?” என்று மரியாதையாகத்தான் கேட்டார். சொன்னேன். மறுநாளே போலீஸ் டாணாவுக்கு வரச்சொல்லி ஆள் வந்துவிட்டது.

“மாடு களவு போச்சா?”

“போச்சு.”

“டாணாவுல பிராது கொடுத்தீரா?”

“இல்லைங்க. காவல்காரன்கிட்டச் சொன்னேன்.”

“அவன் என்ன செஞ்சான்?”

“தன் மாட்டைக் கொடுத்தான்.”

“எடுக்காதவன் எதுக்குவே கொடுப்பான்?”

நான் எல்லாவற்றையும் சொன்னேன். தடம், எல்லை, கெடு, ஈடு, எல்லாம். ஏட்டையா பொறுமையாகக் கேட்டார். கதை கேட்கிற மாதிரித் தலையை ஆட்டினார். கேட்டு முடித்துவிட்டு அவர் சொன்னது இதுதான்: “இதெல்லாம் பழைய ராஜாங்கத்து வழக்கம்வே. இப்ப காவலுக்குப் போலீஸ் இருக்கு, களவுக்குச் சட்டம் இருக்கு. நல்ல ஜோடியை வித்துப்போட்டு நோஞ்சான் ஜோடியைக் கொடுத்து உம்ம வாயை அடைச்சிருக்கான். திருடன்கிட்டப் பொருளை வாங்கிக்கிட்டுப் பிராது கொடுக்காம இருக்கதும் குற்றம்தான். புஸ்தகத்துல நம்பர் போட்டு இருக்கு. ஒண்ணு, நீர் பிராதுக்காரர். இல்லாட்டி அவனோட சேர்த்து நீரும் எதிரி. வாசல் ரெண்டுதான். எதுல நுழையுதீர்?”

கச்சேரியில் குற்றம் சாட்டப்பட்டவனுக்கு எதிரி என்றுதான் பேர், தம்பி. பலவேசம் எனக்கு எதிரி. அப்படித்தான் எழுதினார்கள். நீங்களே சொல்லுங்கள், நான் எந்த வாசலில் நுழைய முடியும்? எனக்கு நிலம் இருக்கிறது, கல்யாணத்துக்கு நிற்கிற மகள் இருக்கிறாள். பிராதில் கையெழுத்துப் போட்டேன். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஆஜராகிச் சாட்சி சொல்வேன், தவறினால் ஜப்திக்கு உட்படுவேன் என்று ஒரு முச்சலிக்கை. அதிலும் போட்டேன்.

அந்தக் கையெழுத்து எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. எப்படி என்றால், கச்சேரியில் மேஜிஸ்ட்ரேட் இருப்பார், படித்தவர், நம் பக்கத்துக்காரர், ஏட்டையா மாதிரி இருக்க மாட்டார், அவரிடம் ஒரு தடவை விவரமாகச் சொல்லிவிட்டால் முடிந்துவிடும் என்று நினைத்தேன். பலவேசமும் அப்படித்தான் நினைத்திருக்கிறான். முதல் வாய்தா அன்று கச்சேரி வாசல் வேப்பமரத்தடியில் அவனைக் கட்டி உட்காரவைத்திருந்தார்கள். நான் வண்டியைவிட்டு இறங்கியதும் அவன் முகம் தெளிந்தது.

“பிள்ளைவாள் வந்துட்டீகளா? இனிப் பயமில்லை” என்றான்.

நான் மடியிலிருந்து வெற்றிலையை எடுத்து நீட்டப் போனேன். கான்ஸ்டேபிள் கையைத் தட்டிவிட்டான். “பிராதுக்காரர் எதிரிகிட்டப் பேசப்படாது. கொடுக்கவும் படாது.” அன்று முழுதும் ஒரே மரத்தடியில் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தோம். அவன் என்னைப் பார்த்து அவ்வப்போது தலையை ஆட்டுவான், ‘ஆகட்டும், ஆகட்டும்’ என்கிற மாதிரி. சாயங்காலம் சேவகன் வந்து, இன்று எடுக்க நேரமில்லை, போய்விட்டு அடுத்த வாய்தாவுக்கு வாருங்கள் என்றான். நான் வீட்டுக்கு வந்தேன். அவன் லாக்கப்புக்குப் போனான்.

இப்படியே சித்திரை போயிற்று, வைகாசி போயிற்று. ஒரு நாள் மேஜிஸ்ட்ரேட் ஜமாபந்திக்குப் போய்விட்டார். ஒரு நாள் அவருக்கு வயிற்றுவலி. ஒரு நாள் எங்கள் வழக்கு வரிசைக்கு வந்தது, விளக்கு வைக்கிற நேரமாகிவிட்டது. யார்மேலும் தப்பில்லை. எல்லாரும் அவரவர் வேலையைத்தான் பார்த்தார்கள்.

கடைசியில் ஆனியில் ஒரு நாள் சேவகன் என் பேரை மூன்று தடவை கத்தினான். கூண்டில் ஏறினேன். சத்தியப் பிரமாணம் சொல்லச் சொன்னார்கள்: உள்ளதைச் சொல்வேன், உள்ளதை முழுவதும் சொல்வேன் என்று. சொன்னேன். ஆரம்பத்திலிருந்து சொல்லத் தொடங்கினேன். “எசமான், எங்கள் ஊர்க் காவல் வழக்கம் என்னவென்றால்…”

மேஜிஸ்ட்ரேட் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். கோபமாக இல்லை. பள்ளிக்கூடத்து வாத்தியார் மாதிரிதான் சொன்னார். “கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும். உமது மாடுகள் களவு போயினவா?”

“போயின.”

“எதிரி உமக்கு ஒரு ஜோடி மாடு கொடுத்தானா?”

“கொடுத்தான்.”

“நீர் கேட்டீரா?”

“இல்லை எசமான்.”

“யாராவது அவனைக் கட்டாயப்படுத்தினார்களா?”

“இல்லை. ஆனால் எசமான்…”

“இல்லை. எழுதிக்கொள். அந்த மாடுகள் உமது மாடுகளைவிட மட்டமானவையா?”

“மட்டம்தான்.”

எல்லாம் உண்மை. ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஒவ்வொரு பதிலும் உண்மைதான், ஆனால் நான் சொல்லச் சொல்ல அவன் கூண்டுக்குள் இன்னும் கொஞ்சம் உள்ளே போய்க்கொண்டிருந்தான். உள்ளதை முழுவதும் சொல்வேன் என்று பிரமாணம் வாங்கினார்களே, முழுவதும் கேட்க வேண்டாமா? வழக்கம் என்ன என்று ஒரு கேள்வி கேட்டால் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை.

அப்புறம் குமாஸ்தா பலவேசத்தைப் பார்த்து, “சாட்சியை நீ ஏதாவது கேட்கணுமா?” என்றார். அவனுக்கு விளங்கவில்லை. திரும்பவும் சொன்னார்: “பிள்ளை சொன்னது காதில் விழுந்ததல்லவா? இப்போது நீ அவரைக் கேட்கலாம். உனக்கு உரிமை உண்டு. எது வேண்டுமானாலும் கேள்.”

இதோ வாசல் திறந்துவிட்டது என்று நினைத்தேன். ‘இது நம்ம ஊர் வழக்கம்தானே, பிள்ளைவாள்’ என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். ‘ஆமாம்’ என்று சொல்ல வாயைத் திறந்து வைத்துக்கொண்டே நின்றேன். அவன் யோசித்தான். என்னை நேராகப் பார்த்தான்.

“பிள்ளைவாள், மயிலை தண்ணி குடிக்கானா?”

கச்சேரியே சிரித்தது. ஏட்டையா சிரித்தார், குமாஸ்தா சிரித்தார், வாசலில் நின்ற வேறு வழக்குக்காரர்கள்கூடச் சிரித்தார்கள். மேஜிஸ்ட்ரேட் மட்டும் சிரிக்கவில்லை. “வழக்குக்குச் சம்பந்தமில்லாத கேள்வி. சாட்சி பதில் சொல்ல வேண்டியதில்லை. இறங்கலாம்” என்றார்.

இறங்கிவிட்டேன். வேண்டியதில்லை என்று சொன்ன பிறகு நான் எப்படிச் சொல்வது?

நினைத்துப் பாருங்கள் தம்பி. கிடைத்தது ஒரே ஒரு கேள்வி. அதை இப்படி வீணாக்கிவிட்டானே. அன்றிலிருந்து இன்றுவரை எனக்கு அவன்மேல் இருக்கிற மனத்தாங்கல் அதுதான்.

அதற்குப் பிறகு அவனிடம், “உன் பக்கத்துக்குச் சாட்சி உண்டா?” என்று கேட்டார்கள்.

“உண்டு எசமான். பிள்ளைவாள்தான் சாட்சி.”

“அவர் சர்க்கார் தரப்புச் சாட்சியடா” என்றார் குமாஸ்தா.

“இருக்கட்டும். அவுகளுக்கும் சொல்லட்டும், எனக்கும் சொல்லட்டும். உள்ளதைத்தானே சொல்லப்போறாக.”

மறுபடியும் சிரிப்பு. மேஜிஸ்ட்ரேட் பேனாவைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்தார். நான் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் பார்த்தார். பேனாவை மையில் தொட்டுவிட்டு மறுபடியும் பார்த்தார். என் பக்கத்தில் ஏட்டையா இருமினார். புழுதியில் வருகிற இருமல்தான். நானும் மேஜிஸ்ட்ரேட்டைப் பார்த்தேன். கேட்டால் சொல்லியிருப்பேன். ஆனால் அவர் பார்த்தார், அவ்வளவுதான். பார்ப்பதைக் கேள்வி என்று எடுத்துக்கொள்ள முடியுமா? நானாக முந்திக்கொண்டு பேசினால், அதிகப்பிரசங்கி என்று எனக்கு அபராதம் போட்டிருப்பார். அப்புறம் அவர் குனிந்து எழுதத் தொடங்கிவிட்டார்.

ஒன்றரை வருஷம் கடுங்காவல். எதிரி கொடுத்த மாடுகள் பிராதுக்காரருக்கே சேர வேண்டியது என்று உத்தரவு. “காவல்காரனுக்குக் கடுங்காவலா, பொருத்தம்தான்” என்று சேவகன் யாரிடமோ சொல்லிக்கொண்டு போனான். பலவேசம் கும்பிட்டுவிட்டு, என்னைப் பார்த்தபடியே நடந்தான். பதில் வரும் என்று நினைத்தவன் மாதிரி. கான்ஸ்டேபிள் கயிற்றை இழுத்தான்.

அப்படியே விட்டுவிட்டேன் என்று நினைக்காதீர்கள். மறுநாளே கச்சேரி வாசலில் மனு எழுதுகிறவரிடம் போனேன். மேல் கச்சேரிக்கு அப்பீல் எழுத வேண்டும் என்றேன்.

“நீர் யாரு? எதிரிக்குச் சொந்தமா?”

“இல்லை. பிராதுக்காரன்.”

அவர் எழுத்தாணி மாதிரி இருந்த பேனாவைக் காதில் செருகிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ஓய், நீர் ஜெயிச்சிருக்கீர். ஜெயிச்சவன் அப்பீல் செய்யச் சட்டத்துல இடமில்லை. எதிரி ஜெயிலுக்குள்ள இருந்து மனுக் கொடுக்கணும், கெடுவுக்குள்ள கொடுக்கணும். ‘நான் சொன்ன சாட்சி சரியில்லை’ன்னு நீர் எழுதினா, பொய்ச் சாட்சி சொன்னதுக்கு உம்ம மேல வழக்கு வரும். எழுதட்டுமா?”

வேண்டாம் என்றேன். சொன்ன சாட்சி சரிதானே. அதில் என்ன பொய் இருக்கிறது?

கொஞ்சம் பொறுங்கள், இந்தப் பாலத்தில் சக்கரம் குலுங்கும். ஆயிற்று. எங்கே விட்டேன்? ஆமாம், பேராச்சி.

பேராச்சி பலவேசத்தின் பெண்சாதி. முதல் மழை பெய்ததும் வந்தாள். வாசலில் நிற்கவில்லை, நேரே தொழுவுக்குப் போனாள். அவள் குரல் கேட்டதும் இரண்டும் கயிற்றை இழுத்துக்கொண்டு திரும்பின. “பிள்ளைவாள், மாட்டைத் திருப்பிக் கேக்க வரலை. எங்க வீட்டு ஆம்பிளை கொடுத்தது கொடுத்ததுதான். ரெண்டு நாள் உழவுக்கு மட்டும் விடுங்க. ஈரம் காயுததுக்குள்ள விதைக்கணும்.”

நான் என்ன செய்வேன்? உத்தரவில் பிராதுக்காரருக்கே என்று இருக்கிறது. பிராதுக்காரர் அந்த மாட்டை எதிரி வீட்டுக்கே அனுப்பினால், இரண்டு பேரும் உள்ளுக்குள்ளே கூட்டு என்றுதானே ஏட்டையா சொல்வார்? புஸ்தகத்தில் நம்பர் இருக்கிறதே. அதைத்தான் சொன்னேன். கம்பு ஒரு மரக்கால் அளந்து தருகிறேன் என்றும் சொன்னேன். அவள் தானியத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“சந்தையில கேக்காமலே வாயைத் திறந்தீரு. கச்சேரியில அவரு உம்மைச் சாட்சின்னு கூப்பிட்டும் மூடிக்கிட்டீரு. இப்ப மாட்டையும் மூடி வச்சுக்கிடும்” என்றாள். மயிலையின் நெற்றியைத் தடவிவிட்டுப் போய்விட்டாள்.

பெண்பிள்ளை, சட்டம் தெரியாது. கோபித்துக்கொள்ளக்கூடாது. அந்த வருஷம் அவள் நிலம் தரிசாகத்தான் கிடந்தது.

மயிலை தண்ணீர் குடித்ததா என்று நீங்களும் கேட்கிறீர்கள், பாருங்கள். பலவேசத்தைப் போலீஸ் பிடித்துக்கொண்டுபோன வாரத்தில் குடிக்கவே இல்லை. என் தொழுவில் வாளியைக் காட்டினால் மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளும். விலா எலும்பு தெரிந்தது. நானும் நாக்கை மடித்து மடித்துப் பார்த்தேன். என் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள், அப்புறம் அவளும் தட்டிப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு மத்தியானம், யாரும் எந்தச் சத்தமும் கொடுக்காமல், தானாகத் தலையைக் குனிந்து குடித்துவிட்டது. அவ்வளவுதான். இப்போது வாளியை யார் நீட்டினாலும் குடிக்கிறது. வேறு வழியில்லாவிட்டால் மாடும் பழகிவிடும், தம்பி.

நீங்கள் ரோட்டைப் பார்க்கிறீர்கள். சரி, கிட்டே வந்துவிட்டோம். அந்தப் புளியமரம் தெரிகிறதா? அதற்கப்புறம் ரோடு பழுது பார்க்கிறார்கள். சல்லி உடைக்கிறவர்கள் எல்லாரும் ஜெயில் கைதிகள். காலில் விலங்கு போட்டுக் கொண்டுவந்து விடுகிறார்கள். தடத்தை விழுங்கின ரோடு இதுதான் என்றேனே, அதே ரோட்டுக்குத்தான் அவன் கல் உடைக்கிறான். யாரும் வேண்டுமென்று செய்ததல்ல. எங்கே வேலை இருக்கிறதோ அங்கே அனுப்புகிறார்கள்.

ஐப்பசியில் முதல் தடவை இந்த வழியாகப் பருத்தி ஏற்றிக்கொண்டு வந்தேன். எனக்கு ஒன்றும் தெரியாது. புளியமரம் தாண்டியதும் மாடுகள் நின்றுவிட்டன. சாட்டையை எடுத்தேன், நகரவில்லை. அப்புறம்தான் பார்த்தேன். கல் குவியலுக்குப் பின்னால் சம்மட்டியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தான். தலையை மொட்டையடித்திருந்தார்கள், எனக்கு அடையாளமே தெரியவில்லை. மாடுகளுக்குத் தெரிந்துவிட்டது. அவன் மாடுகளைத்தான் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை. பார்த்துக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

வார்டர் வந்து, “நீ யாரு?” என்று கேட்டான். உள்ளதைச் சொன்னேன், பிராதுக்காரன் என்று. “பிராதுக்காரனுக்குக் கைதிகிட்ட என்ன வேலை? வண்டியை ஓட்டு” என்றான். மாடு நகர்ந்தால்தானே ஓட்டுவதற்கு? பலவேசம் கையை இப்படி லேசாக வீசினான், போ என்கிற மாதிரி. அப்புறம் நகர்ந்தன.

வேறு ரோடும் இருக்கிறது, ஓடைக்கரை வழியாக. அது கிட்டத்து வழியும்கூட. ஆனால் நான் இப்படித்தான் வருகிறேன். பருத்தி முடிந்த பிறகும் ஏதாவது ஏற்றிக்கொண்டு வருகிறேன். வழியில் யாராவது நடந்து போனால் ஏற்றிக்கொள்கிறேன். போன தடவை ஒரு தச்சாசாரியை ஏற்றினேன். இறங்கிப் பாதி தூரம் போனார், வார்டரின் தடியைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டார். அதற்கு முந்தி ஒரு வளையல் வியாபாரி, வண்டி நின்றதும் பையைத் தூக்கிக்கொண்டு ஒரே ஓட்டம்.

உங்களைப் பார்த்தால் படித்தவர் மாதிரி இருக்கிறது. காலில் செருப்பு, கையில் குடை. வார்டர் உங்களை யார் என்று கேட்க மாட்டான். கேட்டாலும் நீங்கள் பிராதுக்காரர் இல்லை, எதிரிக்குச் சொந்தமும் இல்லை. வழிப்போக்கர். வழிப்போக்கர் பேசக்கூடாது என்று எந்த முச்சலிக்கையிலும் இல்லை.

இதோ, நின்றுவிட்டன. சாட்டையைத் தொடவே இல்லை, பார்த்தீர்களா?

கோடியிலிருந்து மூன்றாவது ஆள். குனிந்திருக்கிறானே, முதுகு தெரிகிறதே, அவன்தான். தண்ணீர் கேட்கிற மாதிரி கிட்டே போங்கள். நான் அனுப்பினேன் என்று சொல்ல வேண்டாம். என் பேரே வேண்டாம். மயிலை தண்ணீர் குடிக்கிறான் என்று மட்டும் சொல்லுங்கள்.

யார் வாளியை நீட்டினாலும் குடிக்கிறான் என்பதைச் சொல்லாதீர்கள். அதை அவன் கேட்கவில்லை.